கதவுக்குப் பின்னால் 33 ஆயிரம் பேர்

ஸ்பெயினின் சர்வாதிகாரியாக இருந்த ஃபிராங்கோவின் சமாதியை நான் பார்த்தது 2018 மார்ச்சில். அப்போது அவர் இன்னும் அங்கேதான் இருந்தார். அலுவலக வேலையாக மாட்ரிட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை அங்கே போகலாமா என்று கூட வேலை பார்த்த ஒருவரிடம் கேட்டேன். "காரில் கொண்டுபோய் விடுகிறேன், உள்ளே மட்டும் வர மாட்டேன்" என்றார். ஏதோ அரசியல் கொள்கை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சொன்னபடியே வண்டியை நிறுத்திவிட்டு, ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் இறங்கி நடந்தேன்.

மாட்ரிட்டுக்கு வடமேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் குவாதராமா மலைத்தொடர். அங்கேதான் 'வீழ்ந்தவர்களின் பள்ளத்தாக்கு' என்ற அந்த நினைவிடம். பைன் காட்டுக்குள் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சிலுவை கூடவே வருகிறது. 150 மீட்டர் உயரம். அதன் அடியில் மலையைக் குடைந்து ஒரு தேவாலயம், உள்ளே 260 மீட்டர் நீளம். ரோமில் உள்ள புனித பேதுரு ஆலயத்தை மிஞ்சிவிடக் கூடாது என்பதற்காக வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பு வைத்து, முன்பகுதியை அபிஷேகம் செய்யாமலே விட்டார்களாம். போப்பாண்டவருக்குக் காட்டிய இந்தப் பணிவை, இந்த மலையைக் குடைந்த கைதிகளுக்கும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்.

ஆமாம், கைதிகள். ஸ்பெயின் குடியரசை எதிர்த்து ஃபிராங்கோ தரப்பு நடத்திய உள்நாட்டுப் போர் முடிந்தது 1939 ஏப்ரல் 1. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1940 ஏப்ரல் 1 அன்று ஃபிராங்கோ இந்தக் கட்டடத்துக்கு ஆணை போட்டார். திறந்தது 1959 ஏப்ரல் 1. போரில் தோற்ற குடியரசுத் தரப்புக் கைதிகளை இங்கே கொண்டுவந்து, இத்தனை நாள் வேலை செய்தால் தண்டனையில் இத்தனை நாள் கழிவு என்று கணக்குப் போட்டு வேலை வாங்கினார்கள். சம்பளத் தொழிலாளர்களும் இருந்தார்கள்தான். ஆனால் பாறைத் தூசி ஆளைப் பார்த்தா நுரையீரலுக்குள் போகும்? பலருக்கு அந்தத் தூசி நோயே பின்னால் எமனாக வந்தது. இன்னொரு விசித்திரம், சிலுவையின் அடியில் நிற்கும் பிரம்மாண்டமான சிலைகளைச் செதுக்கிய ஹுவான் டி அவாலோஸ் ஒரு காலத்தில் சோசலிஸ்ட் கட்சி உறுப்பினர்.

உள்ளே போனால் முதலில் குளிர். பிறகு நம் காலடிச் சத்தம் நமக்கே திரும்பி வருகிறது. நடையின் கோடியில், குவிமாடத்துக்கு நேர் கீழே பலிபீடம். அதற்கு முன்னால் ஒரு கல்லறை, ஃபலாங்கே என்ற பாசிசக் கட்சியைத் தொடங்கிய ஹோசே அந்தோனியோ பிரிமோ டி ரிவேராவுடையது. பின்னால் இன்னொன்று. தரையோடு தரையாக ஒரு கல், ஒரு சிலுவை, 'பிரான்சிஸ்கோ ஃபிராங்கோ' என்று எழுத்து. பட்டம் இல்லை, தேதி இல்லை. மேலே அன்றைக்கு வைத்த பூக்கள். கனத்த கோட்டு போட்ட ஒரு மூதாட்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து கல்லைத் தொட்டார். தொட்ட விரல்களை உதட்டில் ஒற்றிக்கொண்டார். நான் போனைக் கையில் எடுத்ததும் காவலர் வந்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார்.

அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றதில், பக்கவாட்டில் இருந்த கதவைக் கவனிக்காமல் போக இருந்தேன். பீடத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு சிறு வழிபாட்டு அறைகள். அங்கே ஒரு கதவு. அதன் மேல் எழுதியிருந்ததை என் அரைகுறை ஸ்பானிஷை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'கடவுளுக்காகவும் ஸ்பெயினுக்காகவும் வீழ்ந்தவர்கள், 1936-1939.' அவ்வளவுதான். எத்தனை பேர், யார் யார் என்று ஒரு பட்டியலும் கிடையாது. அந்தச் சுவர்களுக்குப் பின்னால் அடுக்கடுக்காக மரப்பெட்டிகளில் 33 ஆயிரத்துக்கும் அதிகமானோரின் எலும்புகள் இருக்கின்றன என்பது வெளியே வந்து காரில் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சொன்னவர் அந்த நண்பர்.

"என் அம்மாவின் அப்பா அதில் ஒருத்தர். அப்படித்தான் நாங்கள் நம்புகிறோம்" என்றார், வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டே.

காஸ்டீல் பக்கம் ஏதோ ஒரு கிராமம். தாத்தா கூலி விவசாயி, தொழிற்சங்கத்தில் பெயர் கொடுத்திருந்தார். 1936இல் வீட்டிலிருந்து கூட்டிப்போய்ச் சுட்டு, வேறு சிலரோடு சேர்த்து ஒரு குழியில் போட்டுவிட்டார்கள். சுட்டது ஃபிராங்கோ தரப்பு. 1959இல் ஒருநாள் லாரி வந்து அந்தக் குழியைத் தோண்டி, அகப்பட்டதை அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனது. வீட்டுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. கையெழுத்தும் கேட்கவில்லை.

இதைக் கேட்டதும் அந்தக் கதவு வாசகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. எந்தக் கடவுளுக்காக, எந்த ஸ்பெயினுக்காக அந்த மனிதர் வீழ்ந்தார்? சுட்டவரே தன் சமாதிக்குப் பக்கத்தில் அவரைக் கொண்டுவந்து வைத்து, 'எனக்காகத்தான் செத்தான்' என்று எழுதி வைத்த மாதிரி இருக்கிறது.

நண்பர் சொன்னது அவர் குடும்பத்தின் கதை மட்டும் இல்லை, அரசாங்கமே செய்த காரியம் என்பது அப்புறம் தேடிப் படித்ததில் தெரிந்தது. 1940 ஆணையில் இருந்ததெல்லாம் வென்ற தரப்பின் வீரர்களும் தியாகிகளும்தான். அந்தப் போரையே அதில் 'சிலுவைப்போர்' என்றுதான் எழுதியிருந்தார்கள். திறப்பு விழா நெருங்கியபோது ஒரு சிக்கல். இவ்வளவு பெரிய இடத்தை நிரப்ப ஆள் போதவில்லை. வென்ற தரப்புக் குடும்பங்களிலேயே பலர், எங்கள் பிள்ளை எங்கள் ஊர்க் கல்லறையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். 1958இல் மாகாண ஆளுநர்களுக்குக் கடிதம் பறந்தது, உங்கள் பகுதியில் எங்கெங்கே புதைகுழி இருக்கிறது என்று. எந்தத் தரப்பானாலும் பரவாயில்லை, ஸ்பானியராகவும் கத்தோலிக்கராகவும் இருந்தால் போதும் என்று விதியைத் தளர்த்தினார்கள். சுவருக்கு எதிரே நிறுத்திச் சுட்டபோது யார் கத்தோலிக்கர் என்று கேட்டிருப்பார்களா, தெரியவில்லை.

"இரண்டு தரப்பும் சேர்ந்து உறங்கும் நல்லிணக்கச் சின்னம்" என்று இன்றைக்கும் சிலர் உருகுகிறார்களே, அந்த நல்லிணக்கம் பிறந்த கதை இதுதான். அதே 1959 திறப்பு விழாவில் பேசும்போது, ஸ்பெயினுக்கு எதிரானவர்கள் தோற்றுப்போனார்கள், ஆனால் இன்னும் சாகவில்லை என்ற பொருளில்தான் ஃபிராங்கோ முழங்கினார். நல்லிணக்கம் பேசுகிறவர் பேசும் பேச்சா அது?

நம் பக்கம் பிணத்தை எரித்த மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கப் போவோம். என் அப்பாவுக்கு நான் போயிருக்கிறேன். தலையிலிருந்து கால் வரை வரிசையாக எடுக்க வேண்டும் என்று வெட்டியான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். ஒரு சின்ன எலும்புகூட விட்டுப்போகக் கூடாது என்று அவ்வளவு கவனம். அந்தப் பெட்டிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. அங்கே ஈரத்தில் பெட்டிகள் இற்றுப்போய், சில இடங்களில் ஒருவர் எலும்பு இன்னொருவர் எலும்போடு கலந்து கிடப்பதாகத் தடயவியல் நிபுணர்கள் எழுதியிருக்கிறார்கள். 33 ஆயிரத்தில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பதிவேட்டில் பெயரே கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2019இல் ஃபிராங்கோவை அங்கிருந்து எடுத்தது சரியா தப்பா என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் சரிதான், அதில் எனக்குக் குழப்பமே இல்லை. போரில் செத்தவர்களுக்கான இடம் என்று அவர்களே சொன்னார்கள். ஃபிராங்கோ போரில் சாகவில்லை. 1975 நவம்பர் 20 அன்று 82 வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்தார். அங்கே அடக்கம் செய்யச் சொன்னது புதிய மன்னராக வந்த ஹுவான் கார்லோஸ். ஆக, அவர்களுடைய விதிப்படி பார்த்தாலே அவருக்கு அங்கே இடம் கிடையாது.

அணை கட்டினார், தொழிற்சாலை கொண்டுவந்தார், அறுபதுகளில் நாடு முன்னேறியது என்கிறார்கள். இருக்கட்டும், அதற்கெல்லாம் வேறு கணக்குப் புத்தகம் இருக்கிறது. சுட்டவரின் தலைமாட்டில் பூவும், சுடப்பட்டவருக்கு இருட்டில் ஒரு பெட்டியும் என்ற ஏற்பாட்டை எந்த அணையைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

எடுத்த கதை தனிக் கூத்து. 2011இலேயே நிபுணர் குழு ஒன்று மாற்றச் சொன்னது, யாரும் கண்டுகொள்ளவில்லை. 2018இல் பெத்ரோ சாஞ்செஸ் பிரதமராக வந்ததும் ஆணை போட்டார். நாடாளுமன்றத்தில் 172 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர்கள் இரண்டே பேர், 164 பேர் வாக்களிக்காமல் நழுவிவிட்டார்கள். அந்த 164தான் என்னை யோசிக்க வைக்கிறது. எடுக்காதே என்று சொல்லத் தைரியம் இல்லை, எடு என்று சொல்ல மனசும் இல்லை. குடும்பம் வழக்குப் போட்டது. ஆலயத்தை நடத்தும் பெனடிக்ட் சபைத் துறவிகளின் தலைவர் உள்ளே விட மாட்டேன் என்றார். அவர் இளமையில் ஃபலாங்கே வேட்பாளராகத் தேர்தலில் நின்றவர், அது வேறு. கடைசியில் 2019 செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாட்ரிட் நகர நடுவில் இருக்கும் அல்முதேனா பேராலயத்தில் வைக்கிறோம் என்று குடும்பம் கேட்டதையும் மறுத்துவிட்டது.

அக்டோபர் 24. தொலைக்காட்சியில் நேரலை. நான் சென்னையில் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் படம் எடுத்துவிடக் கூடாது என்று உள்ளே கல்லறை மேல் கூடாரம் போட்டு, 1,500 கிலோ கல்லைத் தூக்கினார்கள். குடும்பத்தினர் பெட்டியைத் தோளில் சுமந்து வெளியே வந்தார்கள். "ஃபிராங்கோ வாழ்க" என்று குரல் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் ஏற்றி மிங்கோரூபியோ கல்லறைத் தோட்டத்தில் மனைவி கார்மென் போலோ பக்கத்தில் வைத்தார்கள். அங்கே பூசை செய்த பாதிரியார், 1981இல் ஆட்சியைக் கவிழ்க்கத் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தாரே தெஹேரோ, அவருடைய மகன். கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால், நம்ப முடியாது என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அடுத்த மூன்று வாரத்துக்குள் பொதுத்தேர்தல். ஓட்டுக்காகச் செய்தார்கள் என்றார்கள். இருக்கலாம். அந்தத் தேர்தலில் தீவிர வலதுசாரி வாக்ஸ் கட்சி 24 இடங்களிலிருந்து 52க்கு ஏறியது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், ஓட்டுக் கணக்கு போட்டுத்தான் செய்தார்கள் என்றால் கணக்கு பெரிதாகப் பலிக்கவில்லை.

எனக்கு இருக்கும் மனத்தாங்கல் வேறு. ஒரே ஒரு உடல். அது எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு அமைச்சரவை, நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், ஹெலிகாப்டர், நாள் முழுக்க நேரலை. அன்றைக்கு முழுக்க கேமரா அந்தக் கூடாரத்தையும் வாசலையும்தான் காட்டியது. பக்கத்துக் கதவைப் பற்றி நான் பார்த்த வரைக்கும் இரண்டு வாக்கியம் பேசினார்கள். பிடித்தவர்களும் அவரைப் பற்றியே பேசினார்கள், பிடிக்காதவர்களும் அவரைப் பற்றியே பேசினார்கள். செத்து 44 வருஷம் கழித்தும் அந்த மனிதர் நடுவில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களை மறைத்தார்.

"பழைய புண்ணைக் கிளறாதே" என்பவர்களுக்கு ஒன்று. ஆறிய புண்ணாக இருந்தால் அந்த நண்பர் ஏன் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தார்? 1977 பொதுமன்னிப்புச் சட்டம் இரண்டு பக்கக் குற்றங்களையும் சேர்த்து மூடியது. அதனால்தான் ஜனநாயகம் ரத்தம் சிந்தாமல் வந்தது என்கிறார்கள், ஓரளவு உண்மையும் கூட. ஆனால் மூடியவர்களின் வீட்டுப் பிணங்கள் கல்லறையில் இருந்தன. ஸ்பெயின் முழுக்க அடையாளம் இல்லாத குழிகளில் இன்னும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிடக்கிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இடதுசாரி நண்பர்களிடமும் சண்டை உண்டு. சிலுவையை வெடிவைத்துத் தகர்க்க வேண்டும் என்று சிலர் கத்துகிறார்கள். கோபம் புரிகிறது. 150 மீட்டர் கல்லை எதன் மேல் சரிப்பீர்கள்? அடியில் இருப்பது அந்தப் பெட்டிகள்தானே? அது முதலில் ஒரு இடுகாடு, அப்புறம்தான் நினைவுச்சின்னம். அங்கே நடக்க வேண்டியது எலும்பு பொறுக்கும் வேலை. மெதுவான, அலுப்பான, கேமராவுக்குத் தீனி போடாத வேலை.

அது தொடங்கியும் விட்டது. 2022 அக்டோபரில் வந்த ஜனநாயக நினைவுச் சட்டம் 'வீழ்ந்தவர்களின் பள்ளத்தாக்கு' என்ற பெயரை எடுத்துவிட்டு, குவெல்காமூரோஸ் என்ற அந்த இடத்தின் பழைய பெயரையே திரும்ப வைத்தது. 2023 ஏப்ரலில் பிரிமோ டி ரிவேராவையும் வெளியே கொண்டுபோனார்கள். அதே வருஷம் ஜூனில் தடயவியல் குழு அந்தக் கதவுகளுக்குப் பின்னால் நுழைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் மனுப் போட்டுக் காத்திருந்தன. சிலருடைய எலும்புகள் அடையாளம் தெரிந்து வீட்டாரிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அதற்கெல்லாம் ஹெலிகாப்டர் வரவில்லை.

நண்பரிடம் போன மாதம் பேசினேன். அவர் அம்மா டி.என்.ஏ. மாதிரி கொடுத்துவிட்டு வந்து நாளாகிறது, இன்னும் பதில் வரவில்லையாம். கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சால் தேய்த்து எடுத்தபோது, "இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம்?" என்று கேட்டாராம் அந்த அம்மா. 88 வயது. ஊர்க் கல்லறையில் தன் தாயின் குழிக்குப் பக்கத்தில் ஓர் இடம் வாங்கிப் போட்டிருக்கிறார். கல்லும் வந்துவிட்டது. அப்பா பெயரைச் செதுக்கச் சொல்லலாமா, பதில் வரட்டும் என்று இருக்கலாமா என்று மகனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

"செதுக்கச் சொல்லிவிட்டேன்" என்றார் நண்பர்.