8,500 கோடி டாலர் ஆயுதங்கள் தாலிபானிடமா? கணக்கு அப்படிச் சொல்லவில்லை

'2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானை விட்டு ஓடிய அமெரிக்கா, 8,500 கோடி டாலர் ஆயுதங்களைத் தாலிபானுக்குத் தாரை வார்த்துவிட்டது' என்ற செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு.

ஆப்கான் மறுசீரமைப்புச் செலவுகளைத் தணிக்கை செய்த அமெரிக்க அரசின் சிகார் அமைப்பின் அறிக்கையில் சுமார் 8,300 கோடி என்ற தொகை இருப்பது உண்மைதான். ஆனால், ஆப்கான் ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் ஏறக்குறைய 20 ஆண்டுகளில் அமெரிக்கா செலவிட்ட மொத்தப் பணம் அது. சிப்பாய் சம்பளம், பயிற்சி, எரிபொருள், முகாம் கட்டடங்கள் எல்லாம் அதில் அடக்கம். தின்று தீர்த்த சாப்பாட்டையும் சேர்த்து ஆயுதம் என்று எண்ணினால் எப்படி?

தளவாடக் கணக்கு தனி. 2005 முதல் 2021 வரை ஆப்கான் படைகளுக்குக் கொடுத்தவை 1,860 கோடி டாலர் மதிப்புள்ளவை. அரசு கவிழ்ந்தபோது அவற்றில் எஞ்சியிருந்தவை 712 கோடி டாலர் மதிப்புள்ளவை என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் 2022இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தது. காபூல் விமான நிலையத்தில், அமெரிக்கப் படை புறப்படுமுன் பயன்படாதபடி முடக்கப்பட்ட 78 விமானங்களும் இதில் சேர்ந்தவை. அவற்றின் மதிப்பு மட்டும் சுமார் 92 கோடி.

712 கோடியும் சில்லறை அல்ல. துப்பாக்கிகளும் வாகனங்களும் தாலிபான் கையில் சிக்கியது மெய். அந்த எண்ணையும் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். ஏனெனில், ஆப்கான் படைகளுக்குக் கொடுத்த ஆயுதங்களுக்கென இருந்து, 2014இல் சிகார் சோதித்த ஒரு பதிவேட்டில் 4,74,823 ஆயுத வரிசை எண்கள் இருந்தன. 43 சதவீதத்தில் விவரம் விடுபட்டிருந்தது அல்லது ஒரே எண் இருமுறை பதிவாகியிருந்தது.