செர்ரிக் கட்டைக்குச் சாயம் பூசாதீர்கள், ப்ளீஸ்

அமெரிக்கா வந்த புதிதில் ஒரு கடையில் 'செர்ரி ஃபினிஷ்' என்று சொன்னதை நம்பி சாப்பாட்டு மேசை வாங்கினேன். ஓரம் பெயர்ந்தபோதுதான் தெரிந்தது, உள்ளே இருப்பது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. செர்ரி என்றால் அதன் மேலே ஒட்டியிருந்த கருஞ்சிவப்புதான் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தச்சுவேலைப் பைத்தியம் பிடித்து மரக்கடைக்குப் போனால், நிஜ செர்ரி வெளுத்துப்போன இளஞ்சிவப்பில் இருக்கிறது! இது பிளாக் செர்ரி. நாம் பழம் வாங்கித் தின்னும் மரம் வேறு. பென்சில்வேனியாவின் வடமேற்கே அலெகேனி பீடபூமியில் விளையும் கட்டைக்குத்தான் தச்சர்களிடம் மவுசு. 1890 முதல் 1920 வரை அந்தக் காடுகளை மொட்டையடித்தார்கள். வெட்டவெளியில், வெயிலை விரும்பும் செர்ரி முந்திக்கொண்டு முளைத்தது. மான்களும் மற்ற கன்றுகளை மேய்ந்துவிட்டு இதைப் பெரும்பாலும் விட்டுவைத்தன.

நிறத்துக்கு வருகிறேன். வெளிச்சம் படப்பட இந்தக் கட்டை தானாகச் சிவந்துகொண்டே போகும். முதல் சில மாதங்களிலேயே வித்தியாசம் தெரியும், வருடங்கள் போனால் செம்பழுப்பு. அதுவரை பொறுக்க முடியாமல் முதல் நாளே சாயம் பூசுகிறார்கள். செர்ரிக் கட்டை சாயத்தை ஒரே சீராகக் குடிக்காது, திட்டுத் திட்டாகக் கறுக்கும். தொழிற்சாலைக்காரர்கள் ஏன் பூசுகிறார்கள் என்றால், வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்க்கட்டை. மரத்தின் நடுவிலிருக்கும் வைரம் மட்டும்தான் சிவக்கும், வெளிறு வெளுப்பாகவே நிற்கும். அதைக் கழித்தால் மரம் வீணாகும், காசு போகும். அவர்கள் கணக்கு சரிதான். வீட்டில் ஒரே ஒரு ஸ்டூல் செய்பவனுக்கு அந்தக் கணக்கு எதற்கு? எண்ணெய் தடவி, மேலே ஷெல்லாக் என்ற அரக்கு மெருகை ஒரு கை அடித்தால் போதும்.

இழைப்பதற்கு இதைவிடச் சுகமான கட்டை நான் பார்த்ததில்லை. துளைகள் மிக நுண்ணியவை. கூரான இழைப்புளி போட்டால் உப்புத்தாளே தேவைப்படாது. கரண்டி, கிண்ணம் கடையவும் அருமை. ஆனால் வட்டரம்பத்தில் ஒரு நொடி தயங்கினால் கருகிவிடும், நான் அறுத்த முதல் நான்கு கட்டைக் கால்களும் கருகின. அங்கங்கே கறுப்பாகப் பிசின் கோடுகள் வரும், எனக்கு அவை பிடிக்கும். மரம் எவ்வளவு கடினம் என்று சொல்லும் ஜாங்கா அளவில் இதற்கு 950, செவ்வோக்குக்கு (ரெட் ஓக்) 1290. எனவே ஆட்கள் ஓயாமல் நடக்கும் தரைக்கு நான் இதைப் போடமாட்டேன்.

போன கோடையில் ஜன்னலோரத்துக்கு ஒரு சிறு மேசை செய்தேன். மூன்று வாரம் கழித்து லேம்பை எடுத்தால், அடியில் தோசைக்கல் அளவுக்கு வெளுத்த வட்டம். "சாயம் பூசி மறைத்துவிடுங்கள்" என்றாள் மனைவி. நான் லேம்பை வேறு இடத்துக்கு மாற்றினேன், அவ்வளவுதான். வட்டம் எங்கே இருந்தது என்று இப்போது அவளே தேடுகிறாள்.