மைன்கிராஃப்டில் ‘கம்பனி விலை’ என்று ஒன்று இல்லை

“ஒரு வைரத்துக்கு 64 இரும்புக்கட்டி. இது கம்பனி வைத்த விலை, மாற்றி விற்றால் கணக்கு முடக்கப்படும்.” மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டைப் பற்றி மட்டக்களப்புப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி பொய். இதை நம்பி, எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி தன் 20 வைரங்களையும் அதே விலைக்குக் கொடுத்துவிட்டான்.

விளையாடுபவர்கள் தங்களுக்குள் விற்கும் பொருளுக்கு, மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனம் விலை வைப்பதில்லை. பலர் இணையத்தில் சேர்ந்து விளையாடும் சேர்வரை நடத்துபவர் விதி போடலாம், சரி; அது அந்தச் சேர்வருக்குள் மட்டும்தான். விளையாட்டிலேயே வரும் கிராமவாசிகள் மரகதத்தைக் காசாக வாங்கிக்கொண்டு பொருள் விற்கிறார்களே, அந்த விலைகூட நிலையாக நிற்பதில்லை. ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வாங்கினால் ஏறும். சொம்பியாக, அதாவது நடைபிணமாக, மாறிய கிராமவாசியைக் குணப்படுத்தினால் அவர் விலையை இறக்கித் தருவார்.

கல்லடியில் காலையில் விற்ற மீன் பின்னேரமும் அதே விலைக்கா போகிறது? விளையாட்டிலும் அப்படித்தான். இரும்புப் பண்ணை கட்டியவருக்குச் சும்மா நின்றாலே இரும்பு குவியும். வைரம் நிறையக் கிடைக்கவோ, 2021இல் வந்த 1.18 பதிப்பிலிருந்து, விளையாட்டின் உயரக் கணக்கில் மைனஸ் 59 வரை இறங்கி எரிகுழம்புக்குப் பக்கத்தில் தோண்ட வேண்டும். பண்ணைகள் பெருகிய சேர்வரில் 64 கட்டி மிகக் குறைவு. விற்கும் முன் அங்குள்ள நாலைந்து கடைகளைச் சுற்றிப் பாருங்கள் பிள்ளைகளே.