ஒரிலியாவைப் பூட்டினது பிழையெண்டு சொல்லுற ஆக்களுக்கு

போன சனி ஒரு சொந்தக்கார வீட்டில அந்தியேட்டி. சாப்பாடு முடிஞ்சு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கேக்க ஒரு மாமா, நல்ல மனுசன்தான், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள மகனை வைச்சிருக்கிற எங்கட அக்காவைப் பாத்து, "முந்தி இஞ்ச கனடாவில இப்பிடியான பிள்ளையளுக்கெண்டே கவுண்மெண்ட் பெரிய பெரிய இல்லங்கள் வைச்சிருந்ததாம் பிள்ளை, டொக்டர் நேர்ஸ் எல்லாம் உள்ளுக்கையாம், என்னத்துக்குத்தான் உதுகளைப் பூட்டினாங்களோ" எண்டார். ஒரிலியா மாதிரி இடங்களைத்தான் சொல்லுறார். அக்கா ஒண்டும் சொல்லேல்லை, மகன்ர வாயைத் துடைச்சுக்கொண்டிருந்தவ. எனக்குத்தான் மனம் ஆறேல்லை. செத்தவீட்டுச் சடங்கில வைச்சு வாய் குடுக்க ஏலாது, அதால இஞ்ச எழுதுறன், நீளும்.

நான் 14 வருசமா ஸ்கார்பரோவில ஒரு குரூப் ஹோம்ல வேலை செய்யிறன். அப்பிடிக் குறைபாடு உள்ள நாலு பேரை வைச்சுப் பாக்கிற பங்களோ வீடு, வெளியால பாத்தா பக்கத்து வீட்டுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது, வாசல்ல வீல்செயாருக்கு ஒரு சரிவுப் பாதை, அவ்வளவுதான். நான் சேரேக்க அங்க ஒரு ஐயா இருந்தவர், அப்பவே அறுபது தாண்டிட்டுது. ஏழு வயசில ஒரிலியாவில கொண்டுபோய் விட்டு முப்பது வருசத்துக்கு மேல அங்கயே இருந்தவர். சாப்பாடு வைச்சா இடக்கையால கோப்பையைச் சுத்தி அணைச்சுப் பிடிச்சு, தலையைக் குனிஞ்சு, மூண்டு நிமிசத்தில முடிச்சிடுவார். மெல்லாமல் முழுங்கிறதால தொண்டையில சிக்கிடும் எண்டு ஒராள் பக்கத்திலயே இருக்கோணும். இரவு உடுப்பு மாத்தேக்க ஜக்கெட் பொக்கெட்டுக்க பாண் துண்டு இருக்கும். நானும் இது ஒரு வருத்தமாக்கும் எண்டுதான் நினைச்சனான், ஃபைல்லயும் அப்பிடித்தான் ஏதோ பெரிய பேர் வைச்சு எழுதியிருந்தது. பழைய ஸ்டாஃப் ஒருத்தி சிரிச்சுப்போட்டுச் சொன்னா, வருத்தமும் இல்லை மண்ணும் இல்லை, அங்க ஆறுதலாச் சாப்பிட்டா பக்கத்தில இருக்கிறவன் எடுத்திடுவான், அவ்வளவுதான் எண்டு.

வெளியால வந்து இருபது வருசத்துக்குப் பிறகும் அந்தக் கை கோப்பையை விடேல்லை. பாத்ரூம் வாசல்லயும் நிப்பார், கதவு திறந்துதான் கிடக்கும், ஆரும் போ எண்டு சொன்னாத்தான் உள்ளுக்க போவார். சொந்த வீட்டில.

மாமா சொன்ன பெரிய இல்லம் இதுதான். ரொறன்ரோவுக்கு வடக்கால சிம்கோ வாவிக்கரையில 1876ல துறந்தது, "இடியட்" எண்ட சொல்லே அந்த நேரம் அதின்ர பேரில இருந்தது, பிறகு பேரை மாத்தி மாத்திக் கடைசியா ஹுரோனியா ரீஜினல் சென்டர். 1960 ஜனவரியில பியர் பேர்ட்டன் எண்ட பத்திரிகைக்காரர் போய்ப் பாத்திட்டு ரொறன்ரோ ஸ்டார்ல எழுதினவர். ஆயிரம் பேரை எடுத்தாலும் மிச்சப் பேருக்கு இடம் காணாத கட்டடத்தில 2,800 பேர் அளவில. ஹிட்லர் விழுந்தாப் பிறகு ஜேர்மன்காரர் எங்களுக்குத் தெரியாது எண்டு சொன்னவை, உங்களுக்கு ஒரிலியாவைப் பற்றிச் சொல்லியாச்சு எண்ட மாதிரி முடிச்சிருப்பார். சொல்லி 49 வருசத்துக்குப் பிறகுதான், 2009 மார்ச் 31, அது பூட்டுப்பட்டது. அங்கத்தைய சுடலையில கன பேற்ற கல்லில பேர் இல்லை, நம்பர்தான்.

பிறகு மேரி ஸ்லார்க், பட்ரிஷியா சேத் எண்டு அங்க வளந்த ரெண்டு பொம்பிளையள் முன்னுக்கு நிண்டு வழக்குப் போட்டு, 2013ல ஒன்ராறியோ மாகாண அரசு 35 மில்லியன் டொலருக்கு ஒத்துக்கொண்டது. அந்த டிசம்பர் 9ஆம் தேதி அப்ப மாகாண முதல்வரா இருந்த கத்லீன் வின் சட்டசபையில எழும்பி மன்னிப்புக் கேட்டவ. ஒராளுக்குக் கூடினது 42,000 டொலர். பிள்ளைப் பராயம் முழுக்கப் போனதுக்கு ஒரு கார்க்காசு.

சரி, மாமா சொன்னதில ஒண்டும் இல்லையோ எண்டா இருக்கு. 2004ல ஒரிலியாவோட சேத்து இப்பிடியான கடைசி மூண்டு இல்லத்தையும் பூட்டப்போறம் எண்டு அறிவிக்கேக்க உள்ளுக்க ஆயிரம் பேர் அளவில இருந்தவை, பூட்டாதேங்கோ எண்டு கோர்ட்டுக்குப் போனதே அந்தத் தாய் தேப்பன்மார்தான். நாப்பது வருசம் ஒரே இடத்தில இருந்த பிள்ளை, எழுபது எண்பது வயசுத் தாய், பல்லுப் பாக்கிறதில இருந்து வலிப்பு வந்தாப் பாக்கிறது வரைக்கும் ஒரு வளவுக்குள்ள. வெளியால உள்ள டென்டிஸ்ட் இப்பவும் எங்கட குரூப் ஹோம் ஆக்களைக் கண்டா டைம் இல்லை எண்டுதான் சொல்லுறார். அந்தப் பெற்றாரைப் பிழை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனா பாருங்கோ, அந்த ஆயிரம் பேருக்கும் ஒராள் ஒராளா பிளான் போட்டு, கட்டிலும் காசும் ஒழுங்கு பண்ணித்தான் வெளியால எடுத்தவை. உள்ளுக்கயே போகாத பிள்ளையளுக்கு? எங்கட அக்காண்ட மகன் மாதிரி, அரசாங்கம் சொன்னதைக் கேட்டு வீட்டிலயே வைச்சு வளத்த பிள்ளையளுக்கு? அவைக்கு வெயிட்டிங் லிஸ்ட். 2014ல சட்டசபைக் கமிட்டி பாக்கேக்கயே தங்குற இடத்துக்கு 12,000 பேருக்கு மேல லிஸ்ட்டில. 2016ல ஒம்புட்ஸ்மன், அதாவது அரசாங்கத்தில உள்ள பிழையளைப் பற்றின முறைப்பாட்டை விசாரிக்கிறவர், 1,400க்கு மேல முறைப்பாடு வந்ததைப் பாத்து எழுதின அறிக்கையில, போக்கிடம் இல்லாமல் ஆஸ்பத்திரியிலயும் வயசுபோன ஆக்களின்ர கேர் ஹோம்லயும் மறியல்லயும் கிடந்தவையின்ர கதையள் இருக்கு. மறியல்ல! ஒரு குற்றமும் செய்யேல்லை, மகன் அடிச்சுப்போட்டான் எண்டு 911க்குக் கோல் எடுத்த தாய்க்கு வேற வழி தெரியேல்லை.

ஒரிலியாவைப் பூட்டி மிச்சம் பிடிச்ச வேலை முழுக்க இப்ப அக்கா மாதிரி ஆக்களின்ர முதுகிலதான் கிடக்கு. அவவுக்கு 63. பெறாமகனுக்கு 27, கதைக்கமாட்டான், என்னைவிட உயரம். 21ல ஸ்கூல் முடிஞ்சு பஸ் வாறது நிண்டுது. ஆறு வருசமாச்சு, இப்பவும் காலமை எட்டு மணிக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில நிப்பான், வராது எண்டு அவனுக்கு விளங்கப்படுத்த ஏலாது, அதால அக்கா தினமும் அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் திரும்புற மூலை வரைக்கும் நடந்து போட்டு வாறவ, மைனஸ் இருபதிலயும். இப்பிடியான ஆக்களுக்கு உதவிக்கு ஆள் பிடிக்க மாகாணம் குடுக்கிற காசுக்குப் பாஸ்போட் எண்டு பேர், அது ஆகக்குறைஞ்சது வருசத்துக்கு 5,500 டொலர். மணிக்கு 25 படி ஒராளைப் பிடிச்சாக் கிழமைக்கு நாலு மணித்தியாலம். மிச்ச 164க்கு அம்மா.

எங்கட குரூப் ஹோம் மாதிரி இடங்கள் சொர்க்கம் எண்டும் நான் சொல்லவரேல்லை. வீக்கெண்டில ஏஜென்சியால ஆரோ முகம் தெரியாத பிள்ளை வரும், ஆருக்குச் சாப்பாடு மசிச்சுக் குடுக்கோணும், ஆருக்கு லிஃப்ட் பெல்ட் எந்தச் சைஸ் எண்டு அதுக்குத் தெரியாது. நான் முந்தி வேலை செய்த இன்னொரு வீட்டில இரவு ஷிஃப்டுக்கு ஒராள்தான் எண்டு பின்னேரம் ஆறு மணிக்கே நாலு பேருக்கும் பைஜாமா மாட்டிவிடுவினம். யூலை மாசம், வெளியால வெயில் எறிக்குது, வளந்த மனுசர் பைஜாமாவோட ரீவிக்கு முன்னால. நானும்தான் மாட்டிவிட்டனான், பொய் சொல்லேல்லை. பிறகு மீட்டிங்கில சத்தம் போட்டு, பட்ஜெட் இல்லை எண்டு சொல்ல அதை விட்டிட்டு வேற இடம் பாத்தன்.

அதால மாமா, பெரிய இல்லத்தைத் திரும்பத் துறக்கச் சொல்லிக் கேக்காதேங்கோ. சின்ன வீடு இன்னும் கனக்க வேணும், இரவுக்கு ரெண்டு பேர் வேணும், அவைக்கு ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடையில கிடைக்கிறதைவிட நல்ல சம்பளம் வேணும் எண்டு உங்கட எம்பிபி, மாகாணச் சட்டசபை உறுப்பினர், வோட்டுக்கு வரேக்க கேளுங்கோ. கோயிலுக்கு ஹோல் கட்ட அவரிட்டக் கேக்கிறியள் தானே.

எங்கட குரூப் ஹோம் ஐயா மூண்டு வருசத்துக்கு முதல் செத்துப்போனார், அவற்ற அறையிலயே. கல்லில பேர் போட்டிருக்கு, நாங்கள் ஸ்டாஃப் எல்லாம் சேர்ந்துதான் போட்டது. கடைசிக் காலத்தில அந்தக் கை எப்பயாவது மேசைக்குக் கீழ போகும், பாண் மட்டும் கடைசிவரைக்கும் பொக்கெட்டில.

மற்றது, 16 வயசு தாண்டின பிள்ளை வீட்டில இருக்கிற எங்கட ஆக்கள், சனம் என்ன சொல்லும் எண்டு பாத்து இன்னும் டிஎஸ்ஓவுக்கு (இந்த உதவியளுக்கு விண்ணப்பிக்கிற மாகாண ஒஃபிஸ்) ஃபோன் அடிக்காமல் இருந்தா திங்கக்கிழமையே அடியுங்கோ. 18 வரட்டும் எண்டு இருக்காதேங்கோ. ஃபோம் நிரப்பத் தெரியாட்டி எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கோ, ஷிஃப்ட் இல்லாத நாளில வந்து இருந்து நிரப்பித் தாறன்.