ஃபால்கன்ஸ் தோற்றது பந்தை வீசியதால் மட்டுமல்ல

2017 பிப்ரவரி 5. ஹூஸ்டனில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் 51. மூன்றாவது கால்பகுதியில் 28-3 என்று முன்னிலையில் இருந்த அட்லாண்டா ஃபால்கன்ஸ், ஓவர்டைமில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் 34-28 என்று தோற்றது. இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி நேரத்தைக் கரைத்திருந்தால் போதும், ஆஃபென்ஸ் (பந்தை வைத்துத் தாக்கும் பிரிவு) பயிற்சியாளர் கைல் ஷனஹான் வீசச் சொல்லிக் கெடுத்துவிட்டார்." இதில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. மீதிப் பாதியை யாரும் சரியாகப் பேசுவதில்லை என்ற ஆதங்கத்தில்தான் இந்தப் பதிவு.

அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு ஆட்டத் துண்டும் (பிளே) முடிந்ததும் அடுத்ததைத் தொடங்க 40 நொடி அவகாசம். எந்த பிளே ஆட வேண்டும் என்று பயிற்சியாளர் முடிவெடுத்து, பந்தை வீசி ஆஃபென்ஸை நடத்தும் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டில் இருக்கும் ஸ்பீக்கருக்குச் சொல்வார். கடிகாரத்தில் 15 நொடி இருக்கும்போது அந்த இணைப்பு தானாகவே துண்டிக்கப்படும். அதற்கப்புறம் குவாட்டர்பேக் தனி ஆள். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் திட்டத்தை மாற்றி, பிளேயைத் தொடங்க வேண்டும். எதைச் சொல்கிறோம் என்பதைப் போலவே எப்போது சொல்கிறோம் என்பதும் முக்கியம். ஆஃபென்ஸின் தாளம் இந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கிறது.

அந்த சீசனில் ஷனஹான் ஆட வைத்த ஆஃபென்ஸ் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. 540 புள்ளிகள், லீக்கிலேயே அதிகம். குவாட்டர்பேக் மேட் ரயனுக்கு சீசனின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருது. ஷனஹானின் திறமை எங்கே இருந்தது என்றால், ஓட்டமும் வீச்சும் முதல் ஒன்றிரண்டு நொடிக்கு ஒரே மாதிரி தெரியும். முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் லைன்மேன்கள் ஐந்து பேரும் ஒரே பக்கமாக நகர்வார்கள், ரயன் பந்தை ஓட்டக்காரர் டெவோன்டா ஃப்ரீமேனிடம் நீட்டுவார். கொடுத்தால் ஓட்டம். கொடுக்காமல் இழுத்துக்கொண்டால், ஓட்டத்தைத் தடுக்க முன்னால் பாய்ந்த எதிரணித் தடுப்பாட்டக்காரர்களான லைன்பேக்கர்களுக்குப் பின்னால் பெரிய இடைவெளி. அங்கே பாஸைப் பிடிக்க ஹூலியோ ஜோன்ஸ். இப்போது மூன்று யார்டு மட்டும் கிடைத்த ஓட்டம்கூட, அப்புறம் வரப்போகும் 30 யார்டு வீச்சுக்குப் போட்ட முதலீடு. ஒன்று இல்லாமல் இன்னொன்று பலிக்காது.

28-3க்குப் பிறகு அந்தத் தொடர்பு அறுந்துபோனது. ஃபால்கன்ஸ் அதற்கப்புறம் ஓடியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஃப்ரீமேன் அன்று 11 முறை ஓடி 75 யார்டு எடுத்தவர். மொத்த ஆட்டத்திலும் பேட்ரியட்ஸ் 93 பிளே ஆட, ஃபால்கன்ஸ் ஆடியது 46 மட்டுமே. நான்காவது கால்பகுதியில் 28-12 என்றிருந்தபோது மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்), தேவை ஒரே ஒரு யார்டு. ஷனஹான் வீசச் சொன்னார். ஃப்ரீமேன் தடுக்கத் தவறிய டோன்டா ஹைடவர் ரயன் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட, பேட்ரியட்ஸ் அதை அள்ளிக்கொண்டது.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது அதற்கடுத்த வாய்ப்பைத்தான். ஸ்கோர் 28-20. ஜோன்ஸ் எல்லைக்கோட்டோரம் எம்பி, இரண்டு பாதமும் உள்ளே இருக்கும்படி பிடித்த அந்தப் பந்து! பேட்ரியட்ஸின் 22 யார்டு கோடு. நாலரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மிச்சம். உதைப்பவர் மேட் பிரையன்ட் ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) அடித்தால் 11 புள்ளி முன்னிலை, கதை முடிந்தது. முதல் டவுனில் ஃப்ரீமேன் ஓடி ஒரு யார்டு இழந்தார். இரண்டாவதில் வீச்சு. ரயன் பின்வாங்கி ஆள் தேடுவதற்குள் ட்ரே ஃபிளவர்ஸ் புகுந்து சாய்த்ததில் 12 யார்டு போச்சு. மூன்றாவதில் ஒரு நல்ல பாஸ், அதுவும் எதிராளியைப் பிடித்து இழுத்த ஹோல்டிங் தப்பால் செல்லாமல் போய் இன்னும் 10 யார்டு பின்னடைவு. கடைசியில் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் பன்ட். அதன் பிறகு பேட்ரியட்ஸ் குவாட்டர்பேக் டாம் பிரேடி 91 யார்டு கடந்து ஆட்டத்தைச் சமன் செய்தார்.

ஷனஹானிடமிருந்து அழைப்புகள் தாமதமாக வந்தன, வந்து சேரும்போது இணைப்பு துண்டிக்கப்படும் நேரம் நெருங்கிவிட்டதால் "இது வேண்டாம்" என்று சொல்ல அவகாசம் இல்லை என்று ரயன் பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னார். எம்விபி வாங்கிய குவாட்டர்பேக், களத்தில் எல்லாவற்றையும் நேரில் பார்ப்பவர், அவருக்கே மாற்றிச் சொல்ல நேரமில்லை! வீச்சா ஓட்டமா என்பதைவிட இது பெரிய தவறு.

முதல் டவுன் ஓட்டம் பலிக்கவில்லை, பேட்ரியட்ஸ் ஓட்டத்தைத்தான் எதிர்பார்த்து நின்றது, அப்போது வீசுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீசட்டும். ஆனால் பந்து சட்டென்று கையை விட்டுப் போகும் குட்டைப் பாஸாக இருக்கட்டும். ஏற்கெனவே அடி வாங்கிக் களைத்துப்போன லைனை நம்பி, குவாட்டர்பேக்கைப் பின்னால் நிற்கவைக்கும் நேரமா அது?

இதில் ஷனஹானை மட்டும் குற்றம் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் டான் குவின் களத்தின் ஓரத்தில், காதில் ஹெட்செட்டோடு நின்றுகொண்டிருந்தார். "ஓடு, நேரத்தைக் கரை, பிரையன்ட்டை அனுப்பு" என்று சொல்லும் அதிகாரம் அவரிடம்தான் இருந்தது. அட்லாண்டா ரசிகர்கள் அவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.