காங்கோவின் இளஞ்சிவப்பு மலைகள் போட்டோஷாப் வேலையல்ல

அயர்லாந்துக் கலைஞர் ரிச்சர்ட் மாஸின் ‘தி என்கிளேவ்’ என்ற வீடியோ படைப்பின் இளஞ்சிவப்பு மலைப் படங்களோடு ‘எல்லாம் போட்டோஷாப்’ என்ற வரியும் பரவுகிறது. தவறு. போர் நடக்கும் கிழக்குக் காங்கோவுக்குப் பிலிம் சுருள்களோடு போய் உழைத்ததை அந்த வரி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. 2013 வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அயர்லாந்து சார்பில் ஆறு திரைகளில் காட்டப்பட்ட இந்த வீடியோ, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பதியும் 16 மி.மீ. பிலிமில் எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவு ட்ரெவர் ட்வீட்டன், ஒலி பென் ஃப்ராஸ்ட்.

நிறம் பிலிமிலேயே பிறக்கிறது. வழக்கமான கலர் பிலிமின் மூன்று அடுக்குகள் நீலம், பச்சை, சிவப்பைப் பதியும். இதுவோ பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பை (சிவப்புக்கு அடுத்துள்ள அகச்சிவப்பு ஒளி) பதிந்து, முறையே நீலம், பச்சை, சிவப்பாகக் காட்டும். உயிருள்ள இலை அகச்சிவப்பை ஏராளமாகப் பிரதிபலிப்பதால் காடு சிவக்கிறது. சாதாரணப் பச்சைப் பெயின்ட் அப்படிச் சிவக்காது. மறைந்திருக்கும் படைகளைக் கண்டுபிடிக்க ராணுவம் இந்தப் பிலிமை நாடியது அதனால்தான். மூன்று அடுக்குகளுமே நீல ஒளியையும் வாங்கிக்கொள்ளும். லென்ஸில் மஞ்சள் ஃபில்டர் போடாவிட்டால் நிறங்கள் குழம்பிவிடும்.

‘தி என்கிளேவ்’ஐ ‘உடல் சூட்டைக் காட்டும் படம்’ என்பதும் சரியல்ல. வெப்பக் கேமராவை மாஸ் பயன்படுத்தியது பிறகு வந்த ‘இன்கமிங்’ படைப்பில். அது கறுப்பு வெள்ளை, மூன்று திரைகள்.