எடுத்த எடுப்பில் குழாயா?

இருமினால் சிறுநீர் கசிகிறது, தும்மினால் கசிகிறது, அரிசிப் பையைத் தூக்கினால் கசிகிறது. பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அம்மா பல வருடமாக வெளியே சொல்லாமல் அடக்கி வைத்திருந்த விஷயம். கோவிலுக்குப் போனாலும் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகுதான் சாமி கும்பிடுவார். கெஞ்சிக் கூத்தாடி, பினாங்குத் தீவில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். நாலு வார்த்தை கேட்டார்கள். நேராக யூரோடைனமிக்ஸ் என்கிற சிறுநீர்ப்பைச் சோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்!

அது என்னவென்று அம்மாவுக்கு யாராவது சொன்னார்களா? சிறுநீர்ப்பைக்குள் ஒரு மெல்லிய குழாய், ஆசனவாயில் இன்னொன்று. உப்புநீரை ஏற்றிக்கொண்டே இருமச் சொல்வார்கள். அப்புறம் குழாய்களோடு அவர்கள் முன்னாலேயே சிறுநீர் கழிக்க வேண்டும். கையெழுத்து வாங்கிய பாரம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. படுக்கையில் ஏறிய பிறகுதான் அம்மாவுக்கு விஷயமே தெரிந்தது. "கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா" என்றாராம் நர்ஸ் மிஸ்ஸி. வீடு வரும்வரை அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்து எரிச்சல், காய்ச்சல், ஆண்டிபயாடிக். குழாய் விட்டால் கிருமித் தொற்று வரலாம் என்பது அவர்களுக்குத் தெரியாததா?

நரம்புக் கோளாறு இருந்தால், முன்பு செய்த ஆபரேஷன் பலிக்காமல் போயிருந்தால், இந்தச் சோதனை வேண்டும்தான். அம்மாவுக்கு அப்படி எதுவும் கிடையாதே!

மூன்று நாளைக்கு என்ன குடித்தார், எத்தனை தடவை போனார், எத்தனை மில்லி, எப்போது கசிந்தது என்று எழுதி வரச் சொல்லியிருக்கலாம். ஒரு தாளும் அளவுக் குவளையும் போதும். சிறுநீர் கழித்து வந்ததும் அடிவயிற்றில் ஜெல் தடவி ஸ்கேனரை வைத்தால், உள்ளே எவ்வளவு மிச்சம் என்று உடனே தெரிந்துவிடும். புனல் வைத்த மெஷினில் தனியாகப் போனால், நொடிக்கு எத்தனை மில்லி என்று வரைந்து காட்டும். வேகம் குறைந்தால் அடைப்பா, தசை பலவீனமா என்று அது பிரித்துச் சொல்லாது, சரி. அம்மாவுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. பை நிறைந்திருக்கும்போது இருமச் சொல்லிப் பார்த்திருந்தாலே கசிவு கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. இதே மாதிரிக் கசிவுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளவிருந்த, வேறு சிக்கல் இல்லாத 630 பெண்கள். ஒரு பாதிக்குச் சாதாரணப் பரிசோதனை மட்டும், மறுபாதிக்குக் கூடுதலாக யூரோடைனமிக்ஸ். ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் சுமார் 77 விழுக்காட்டினருக்கு சிகிச்சை பலித்திருந்தது. ஆபரேஷனுக்கே அவ்வளவுதான் வித்தியாசம்!

அம்மாவுக்குக் கடைசியில் எழுதிக் கொடுத்தது என்ன தெரியுமா? இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. அதைச் சொல்ல எதற்கய்யா குழாய்? இப்போது மறுபடி வரச் சொல்கிறார்கள். அம்மா வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறார். எந்த முகத்தோடு நான் அவரை வற்புறுத்துவது?